வேரில் இருந்து அளந்தேன்: கெட்டுப்போன முடியை வளர்த்தெடுத்த 5 வருடம்

2019 மார்ச்சில், சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு முன்பு, இடுப்பு வரை இருந்த என் அலைமுடியை பார்லரில் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்டேன். அதே வருடம் தீபாவளி முடிந்து நவம்பரில், நடுவில் இருந்து நுனி வரைக்கும் ப்ளீச் வைத்துக் கலர் போட்டேன். ப்ளீச்சைக் கழுவிய அன்றே ஏதோ தப்பாகிவிட்டது என்று கையில் தெரிந்தது. ஈர முடி ஒன்றை லேசாக இழுத்தால் ரப்பர் போல நீண்டது, பழைய அளவுக்குத் திரும்பவில்லை, அறுந்தது. அடுத்த இரண்டு மாதமும் தலையணையில், சமையல் மேடையில், துப்பட்டாவில் எல்லாம் துண்டு துண்டாக முடி. வேரோடு கொட்டியவை இல்லை, நடுவில் ஒடிந்தவை. 2020 பிப்ரவரியில் தோளோடு வெட்டிவிட்டேன்.

2025 பிப்ரவரியோடு அதற்கு 5 வருடம் முடிகிறது. இப்போது உச்சியில் இருந்து நுனி வரை 75 செ.மீ., மறுபடியும் இடுப்பில். பார்க்கிறவர்கள் என்ன எண்ணெய், என்ன ஷாம்பு என்று கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் பாதியில் விட்டுவிடாமல் என்னைக் காப்பாற்றியது ஒரு தையல் டேப்பும் ஒரு நோட்டும்தான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறேன். பெராக்சைடு ப்ளீச் கொஞ்சம் கூடிப்போனால் துணியின் பலம் போய்விடும் என்பது எங்களுக்கு அன்றாட விஷயம். முடியும் ஒரு நார்தான். வேரில் மட்டும்தான் உயிர் இருக்கிறது, தோலுக்கு வெளியே வந்த பிறகு அது கெரட்டின் என்ற புரதம். அதற்குப் பலம் தருபவை கந்தகப் பிணைப்புகள். ஸ்ட்ரெய்ட்டனிங் கிரீமில் உள்ள தயோகிளைக்கோலேட் அவற்றில் ஒரு பங்கை உடைக்கிறது. அயர்ன் வைத்து நேராக்கிய பின் பூசும் இரண்டாவது மருந்து, நேரான வடிவத்திலேயே பிணைப்புகளைத் திரும்பக் கட்டுகிறது. உடைந்தது அத்தனையும் திரும்பக் கட்டப்படுவதில்லை. ஏற்கெனவே அப்படித் தளர்ந்த முடிக்கு மேல் நான் ப்ளீச்சும் வைத்தேன். மேலே ஓட்டு வீட்டுக் கூரை போல அடுக்கியிருக்கும் செதில்கள் தேய்ந்துபோனால் உள்ளே இருப்பதற்குப் பாதுகாப்பே கிடையாது. தோலில் பட்ட காயம் ஆறும். முடியில் பட்டது ஆறாது, ஏனென்றால் அங்கே ஆற்றுவதற்கு உயிர் இல்லை.

முதல் நான்கு மாதம் இதை ஏற்க மனம் வரவில்லை. 'ரிப்பேர்' என்று எழுதியிருந்த மாஸ்க், சீரம் என்று மூன்று நான்கு வாங்கினேன். தடவிய அன்று பளபளக்கும், இரண்டு குளியலில் பழையபடி தேங்காய் நார். அப்புறம்தான் தெளிவு வந்தது. கெட்ட பாகம் கெட்டதுதான். அது கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுப்பட்டு வெளியேறும் வரை, மேற்கொண்டு ஒடியாமல் வைத்திருப்பது மட்டுமே என் வேலை.

மொட்டையாகவோ பாப்கட்டாகவோ வெட்டியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். எனக்கு அதற்கு மனசு இல்லை, வீட்டிலும் விடமாட்டார்கள். வெட்டிய அன்று முடி 32 செ.மீ. இருந்தது. வேரில் இருந்து 12 செ.மீ. வரை என் சொந்த அலைமுடி. அதற்குக் கீழே 20 செ.மீ. கெட்ட நேர்முடி. இரண்டும் சேரும் இடம் கண்ணுக்கே தெரியும். அந்த இடம்தான் எல்லை.

முதலில் எல்லாரையும் போல நுனி எங்கே வந்திருக்கிறது என்றே பார்த்தேன். அது ஆளை உடைத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இரண்டரை செ.மீ. வெட்டினேன். அதே மூன்று மாதத்தில் வளர்வதோ சுமார் மூன்றரை செ.மீ. ஆக மூன்று மாதம் காத்திருந்தால் நீளம் கூடுவது 1 செ.மீ., கண்ணாடியில் தெரியவே தெரியாது. இரண்டு வருடம், எட்டு வெட்டு. 32 செ.மீ. இருந்த முடி 2022 பிப்ரவரியில் 41 செ.மீ. இரண்டு வருடப் பொறுமைக்குக் கிடைத்தது 9 செ.மீ.!

ஆனால் நோட்டில் இன்னொரு வரிசையும் இருந்தது. உச்சியில் ஒரே இடத்தில் ஒரு கற்றையைப் பிரித்து, வேரில் இருந்து அந்த எல்லை வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தேன். 12, 19, 26, 34, 41. இதுதான் நிஜமான வளர்ச்சி. மாதம் ஒன்றுக்கு 1.2 செ.மீ. வீதம் பிசகாமல் வந்துகொண்டே இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு மாதம் ஒரு செ.மீ.க்கு மேல் கொஞ்சம், வருடத்துக்கு 15 செ.மீ.க்குள்தான் வளரும். என்னுடையது அந்தக் கணக்கிலேயே இருந்தது என்பது கொடுத்த நிம்மதியை எந்த மாஸ்க்கும் கொடுக்கவில்லை. இதே வழியில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, நுனியை அளக்காதீர்கள், எல்லையை அளந்து எழுதிவையுங்கள். அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். வாராவாரம் டேப்பை எடுத்தால் டேப் பிடிக்கிற பிசகுதான் கணக்கில் ஏறும்.

அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) இந்தக் கணக்கு எதுவும் பிடிக்கவில்லை. "கண்ணு, அது வளரத்தான் செய்யுது. நீதான் வெட்டி வெட்டி எடுத்துடறே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். வெட்டுவதால் முடி வேகமாக வளராது என்பது உண்மை, வளர்வது வேரில்தான். அதே சமயம் நுனி வெடித்த முடியை விட்டுவைத்தால் வெடிப்பு மேலே ஏறி, சமயத்தில் நல்ல முடிக்குப் பக்கத்தில் ஒடியும். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். வளர்பிறையில் மட்டும் வெட்டுவது. அவருக்கு மனத்திருப்தி, எனக்குத் தேதி மறக்காது. வெட்டியது அம்மா, மொட்டை மாடி வெளிச்சத்தில், வேறு எதற்கும் தொடாத ஒரு கத்தரியால்.

இனி உபயோகித்தவை. தேங்காய் எண்ணெய்க்கு முதல் இடம். எல்லாரும் சொல்வதால் சொல்லவில்லை. பாராசூட் எண்ணெய் தயாரிக்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு, முடியில் இருந்து புரதம் போவதைத் தேங்காய் எண்ணெய் மட்டும் குறைத்தது என்று கண்டார்கள். தேங்காய் எண்ணெய் விற்கிற நிறுவனத்தின் ஆய்வு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் காரணம் பொருந்துகிறது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் நாருக்குள் இறங்குகிறது, தண்ணீரில் முடி ஊதிப்போவதைக் குறைக்கிறது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு டீஸ்பூன், காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும். எனக்குப் பொடுகு உண்டு. மண்டையில் எண்ணெய் ஊறவைத்தால் பொடுகு கூடியதால் அதை விட்டுவிட்டேன்.

அரப்பு (தலைக்குத் தேய்க்கும் இலைப்பொடி) விஷயத்தில் என் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளலாம். சின்ன வயதில் இருந்து அரப்புப் பொடியில் குளித்தவள் நான், அந்த வாசனை இல்லாமல் எனக்கு எண்ணெய்க் குளியலே கிடையாது. ஆனால் கெட்ட முடிக்கு அது சரிப்படவில்லை. செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கும் முடியில் பொடி மாட்டிக்கொள்ளும். அலசி எடுக்கத் தேய்க்கிற தேய்ப்பில் சிக்கு விழும், சிக்கெடுக்கும்போது ஒடியும். சீயக்காயும் அப்படியே. இரண்டு வருடம் இரண்டையும் நிறுத்திவைத்தேன். 2022-க்குப் பிறகு, முழுக்கப் புது முடி ஆனதும், மாதம் ஒரு தடவை அரப்பு தேய்க்கிறேன், எந்தத் தொல்லையும் இல்லை. வடிகஞ்சி தேய்த்ததில் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்துக்கொண்டது, இரண்டு தடவையோடு சரி.

கண்டிஷனர் மட்டும் கட்டாயம் வேண்டும். விலை கூடியது தேவையில்லை, கை நிறைய எடுக்க மனசு வருகிற விலையில் இருந்தால் போதும். அது முடியை ஆற்றாது, உராய்வைக் குறைக்கும். எனக்குத் தேவைப்பட்டது அதுதான். கண்டிஷனர் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியில் இருந்து தொடங்கி மேலே போவேன். ஈர முடி எளிதாக இழுபட்டு அறும். அதனால் கழுவி முடித்த பிறகு, காயும்வரை சீப்பே கிடையாது.

துண்டை மாற்றியதும் பெரிய வித்தியாசம். டர்க்கி டவலால் முறுக்கிக் கட்டுவது, படபடவென்று தட்டுவது இரண்டையும் நிறுத்தினேன். எங்கள் ஊரில் பஞ்சம் இல்லாத பனியன் துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்து, முடியை அதில் பொதிந்து வைப்பேன். தண்ணீரை உறிஞ்சும், சிக்கு விழாது. அப்புறம் தண்ணீர். எங்கள் வீட்டில் குளிப்பது போர் உப்புத்தண்ணீரில். முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கட்டுப்படியாகாது, கடைசியாக அலச மட்டும் இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்துவைப்பேன். வேலைக்கு ஸ்கூட்டரில் போவதால் ஹெல்மெட்டுக்கு முன்பே தளர்வாகப் பின்னி, நுனியைச் சுடிதாருக்குள் விட்டுக்கொள்வேன். காற்றில் பறக்கவிட்ட ஒரு நாள், ஒரு வாரச் சிக்கு.

இரண்டாவது வருடம்தான் மிகவும் கஷ்டம். மேலே அலை, கீழே கம்பி. பின்னினால் பாதிக்கு மேல் எலிவால். விட்டால் இரண்டு வேறு தலைகளின் முடியை ஒட்டவைத்தது போல இருக்கும். ஒடிவதும் அந்த எல்லையிலேதான் அதிகம். 2021-ல் ஒரு கல்யாணத்தில் அத்தை எல்லார் முன்னாலும், "என்ன சாமி, முடியெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டார். பாசத்தில் கேட்டதுதான். அன்று இரவு, மறுபடி ஸ்ட்ரெய்ட்டனிங் செய்து இரண்டையும் சமமாக்கிவிடலாம் என்று பார்லருக்கு நேரம் குறித்துக் கேட்கும் வரை போய்விட்டேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். 26 செ.மீ. என்று எழுதியிருந்தது. அந்த 26-ஐயும் கெடுத்துக்கொண்டு முதலில் இருந்து தொடங்க வேண்டுமா என்று நினைத்ததும் விட்டுவிட்டேன். விசேஷங்களுக்குச் சவுரி வைக்கச் சொன்னார்கள், அந்தக் கனம் வேரை இழுக்கும் என்பதால் அதையும் செய்யவில்லை. சின்னக் கொண்டை போட்டுச் சுற்றி மல்லிகைச் சரம் வைத்தால் போதுமானதாக இருந்தது.

41 செ.மீ.க்குப் பிறகு எல்லாம் எளிதாகிவிடும் என்று நினைத்திருந்தேன். நீளம் எளிதாகத்தான் வந்தது, நான்கு மாதத்துக்கு 1 செ.மீ. மட்டும் வெட்டினால் போதும். ஆனால் 2023 அக்டோபரில் டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டு மூன்று மாதம் கழித்து, ஜனவரியில், கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. இந்தத் தடவை வேரோடு, வேர் முனையில் வெள்ளைக் குமிழுடன். அழுதேன். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, காய்ச்சல் சமயத்தில் நிறைய வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும், இரண்டு மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்து கொட்டும், வேர் சாகவில்லை, திரும்ப முளைக்கும் என்றார். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்து அதற்கு மாத்திரை கொடுத்தார். நானாக பயோட்டின் மாத்திரை வாங்கப் போனதை நிறுத்தச் சொன்னார். குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை என்பதோடு, தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே அது மாற்றிக் காட்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-ல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. முடி கொட்டுகிறது என்றால் கடைக்குப் போகும் முன் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். இதை மட்டும் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

பின்னலின் சுற்றளவு அப்போது எட்டரை செ.மீ.யில் இருந்து ஆறரைக்கு இறங்கியது. மே மாதம் கொட்டுவது நின்றது. இப்போது ஏழு.

மொத்தத்தில் செலவு என்றால் மாதம் ஒரு கண்டிஷனர், வருடம் ஒரு சீப்பு. இப்போதும் வாரம் இரண்டு முறை தலைக்குக் குளிக்கிறேன், நுனி வெட்டுவது அதே வளர்பிறைதான். முன்நெற்றியிலும் காதோரத்திலும், டெங்குக்குப் பிறகு முளைத்த முடிகள் ஒரு விரல் நீளத்துக்குப் பின்னலில் அடங்காமல் நிற்கின்றன. அம்மா எண்ணெய் தொட்டுப் படியவைக்கச் சொல்கிறார். நான் அப்படியே விட்டிருக்கிறேன். அவை தோளுக்கு வர இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். நோட்டில் அவற்றுக்கும் ஒரு வரிசை போட்டாயிற்று.