பிரின்டர் கோளாறுக்காகக் கொடுத்த கொமடோர் 64, சவுண்ட் சிப்பை இழந்து திரும்பி வந்தது

பழைய ஹோம் கம்ப்யூட்டர்களை ரிப்பேருக்குக் கொடுப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை. என்னை ஏமாற்றியவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் செய்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். இதே வேலையை வேறு யாராவது உங்களிடம் காட்டினால் அடையாளம் தெரிய வேண்டும்.

என்னிடம் இருப்பது கொமடோர் 64. 1541 ஃப்ளாப்பி டிரைவ், சீரியல் கேபிளில் மாட்டும் ஒரு பிரின்டர் இன்டர்ஃபேஸ், அதன் மறுமுனையில் எப்சன் வகை 9 பின் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். எழுதுவதற்கு ஸ்பீட்ஸ்கிரிப்ட். 1984 ஜனவரியில் கம்ப்யூட்ஸ் கெஜட் பத்திரிகையில் அச்சாகி, வாசகர்கள் எண் எண்ணாகத் தட்டி உள்ளிட்டுப் பயன்படுத்திய எடிட்டர் அது. அளவில் மிகச் சிறியது. ஆனாலும் இன்றைக்கும் நிம்மதியாக எழுதலாம். என் மாமா அந்தக் காலத்தில் அதில்தான் கடிதங்கள், குறிப்புகள் எல்லாம் எழுதி வைத்திருந்தார். அவற்றை அதே மிஷினில், அதே டாட் மேட்ரிக்ஸ் எழுத்தில் அச்செடுத்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அச்சு எடுத்தபோது இரண்டு கோளாறுகள் வந்தன. பேப்பர் நகரவில்லை. எல்லா வரிகளும் ஒரே வரியின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கறுப்புப் பட்டையாக ஆயின. முதல் வரியை மட்டும் அச்சடித்துப் பார்த்தால், சின்ன எழுத்துகள் பெரிய எழுத்தாக வந்தன. பெரிய எழுத்தாக இருக்க வேண்டியவை சாய்ந்த பெரிய எழுத்தாக வந்தன. திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பழைய கம்ப்யூட்டர் ரிப்பேரில் கைதேர்ந்தவர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரிடம் இதை விவரித்தேன். பிரின்டர் என்ன மாடல், இன்டர்ஃபேஸ் எது, எந்த எடிட்டர் என்று ஒரு கேள்விகூட வரவில்லை. "போர்டில்தான் கோளாறு சார். கேரக்டர் ரோம் போயிருக்கும், சி.ஐ.ஏ. சிப்பும் வீக்கா இருக்கும். மிஷினைக் கொடுத்துடுங்க, ஃப்ளாப்பியும் கொடுங்க" என்றார். கொடுத்தேன். திரும்பி வந்தபோது பில்லில் கேரக்டர் ரோம் மாற்றியது, 6526 சிப் (அவர் சொன்ன சி.ஐ.ஏ.தான்) மாற்றியது, போர்டு சர்வீஸ் என்று மூன்று வரிகள். கூடவே ஃப்ளாப்பியில் உள்ள கோப்புகள் சிதைந்துவிட்டன, மீட்க வேண்டுமானால் தனிக் கட்டணம் என்று ஒரு செய்தி. வீட்டுக்குக் கொண்டுவந்து அச்சடித்தால் அதே கறுப்புப் பட்டை, அதே சாய்ந்த எழுத்து.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் ஏன் பொய் என்று விளக்குகிறேன். இந்த மிஷின் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும், இந்த மாதிரிப் பேச்சு யாரிடமும் எடுபடாது.

முதலில் கேரக்டர் ரோம். கொமடோர் 64-ல் அது 4 கேபி அளவுள்ள ஒரு சிப். திரையில் எழுத்துகளை வரைவதற்கு வீடியோ சிப் அதைப் படிக்கிறது. அது கெட்டால் திரையில் எழுத்துகள் புள்ளி புள்ளியாக உடையும். பிரின்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எப்சன் வகைப் பிரின்டரில் எழுத்து வடிவங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. கம்ப்யூட்டர் அனுப்புவது வெறும் எண்களைத்தான். திரை சுத்தமாக இருக்கும்போது "கேரக்டர் ரோம் போயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால் மிஷினை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது 6526. போர்டில் இந்த சிப் இரண்டு இருக்கும். ஒன்று கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று சீரியல் பஸ்ஸையும், அதாவது டிரைவும் பிரின்டரும் பேசும் பொதுக் கம்பியையும், யூசர் போர்ட்டையும் பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டாவதைத்தான் மாற்றினேன் என்றார். ஆனால் டிரைவும் பிரின்டரும் ஒரே சீரியல் பஸ்ஸில்தான் தொங்குகின்றன. கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் டிரைவுக்குப் போகிறது, டிரைவின் பின்னால் உள்ள இன்னொரு சாக்கெட்டிலிருந்து பிரின்டர் இன்டர்ஃபேஸுக்குப் போகிறது. டிரைவ் 8 என்ற எண்ணுக்குப் பதில் சொல்கிறது, பிரின்டர் 4 என்ற எண்ணுக்கு. வித்தியாசம் அவ்வளவுதான். என் டிரைவ் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. எடிட்டரே அதிலிருந்துதான் லோட் ஆகிறது. அந்த சிப் செத்திருந்தால் டிரைவும் சேர்ந்து படுத்திருக்கும். பிரின்டருக்கு எழுத்துகள் போய்ச் சேர்ந்து அச்சாகிறது என்பதே பஸ் நன்றாக இருக்கிறது என்பதற்கு இன்னொரு சாட்சி.

பிரின்டர் பக்கமும் குற்றம் இல்லை. இந்த வகை எப்சன்களில் லைன் ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே பவர் போட்டால், கம்ப்யூட்டர் இணைப்பு இல்லாமலேயே தன்னைத்தானே சோதித்து அச்சடித்துக் காட்டும். என் பிரின்டர் அதைப் பளிச்சென்று அடித்தது. பேப்பர் ஒழுங்காக நகர்ந்தது, எழுத்துகளில் குறுக்கே வெள்ளைக் கோடு இல்லை, அதாவது ஹெட்டில் 9 பின்களும் உயிரோடு இருக்கின்றன.

அப்படியென்றால் கோளாறு எங்கே? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒப்பந்தத்தில். வரி முடிந்ததும் கம்ப்யூட்டர் 13 என்ற எண்ணை அனுப்புகிறது. அது ஹெட்டை இடது ஓரத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். பேப்பரை ஒரு வரி மேலே தள்ள 10 என்ற எண் தேவை. கொமடோரின் சொந்தப் பிரின்டர்கள் 13-ஐப் பார்த்தாலே பேப்பரையும் தள்ளிவிடும். எப்சன் வகை அப்படிச் செய்ய, உள்ளே இருக்கும் டிப் ஸ்விட்ச் என்ற குட்டி ஸ்விட்சில் ஆட்டோ லைன் ஃபீடை ஆன் செய்திருக்க வேண்டும். அந்த ஸ்விட்சை மாற்றினால் பவரை அணைத்துப் போட்டால்தான் பிரின்டர் அதைக் கவனிக்கும். சிலர் மாற்றிவிட்டு உடனே அச்சடித்துப் பார்த்து, பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

இதை மிஷினில் உள்ள பேசிக் என்ற புரோகிராம் மொழியிலேயே நிரூபிக்கலாம். ஓப்பன் கட்டளையில் கோப்பு எண்ணாக 4 கொடுத்து, சாதன எண்ணாகவும் 4 கொடுத்து, ஆட்டோ லைன் ஃபீட் இல்லாத பிரின்டருக்கு நாலு வரி அனுப்பினால் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். கோப்பு எண்ணை 128 என்று மட்டும் மாற்றுங்கள். அதே நாலு வரியும் அழகாகத் தனித்தனியாக வரும். ஏனென்றால் 127-க்கு மேற்பட்ட கோப்பு எண் கொடுத்தால், ஒவ்வொரு 13-க்குப் பின்னும் ஒரு 10-ஐ கம்ப்யூட்டரே சேர்த்து அனுப்புகிறது. இப்படிச் செய்து சரியாக வந்துவிட்டால் எந்த சிப்பும் கெடவில்லை என்று அர்த்தம்.

சாய்ந்த எழுத்து விஷயமும் இதே மாதிரிதான். கொமடோருக்குச் சொந்தமாக ஓர் எழுத்து வரிசை உண்டு, பெட்ஸ்கி என்பார்கள். உலகமெல்லாம் புழங்கும் ஆஸ்கியில் 65 முதல் 90 வரை பெரிய எழுத்துகள். பெட்ஸ்கியில் அதே எண்கள் சின்ன எழுத்துகள். பெரிய எழுத்துகள் 193 முதல் 218 வரை போய்விட்டன. மொழிபெயர்ப்பு இல்லாமல் இந்த எண்கள் நேராக எப்சனுக்குப் போனால், 65-ஐப் பார்த்ததும் அது பெரிய எழுத்தைத்தான் அடிக்கும். 193 என்பது 65-உடன் 128 கூட்டியது. எஃப்எக்ஸ் 80 போன்ற எப்சன்களில் 128 கூட்டினால் அதே எழுத்து சாய்வாக வரும். என் பேப்பரில் வந்தது அச்சு அசலாக இதுதான். வருஷக்கணக்காக இந்தத் தொழில் செய்வதாகச் சொல்பவர் அந்தப் பேப்பரைப் பார்த்தவுடனேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

பல இன்டர்ஃபேஸ்களில் இந்த மொழிபெயர்ப்பை ஆன் ஆஃப் செய்ய ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஸ்பீட்ஸ்கிரிப்டில் அதுகூட வேண்டாம். கண்ட்ரோலையும் பவுண்டு குறியையும் சேர்த்து அழுத்தி, பிறகு ஏ என்ற எழுத்தைத் தட்டினால் திரையில் அது தலைகீழ் நிறத்தில் தெரியும். ஆஸ்கியாக மாற்றி அனுப்பு என்று அதற்கு அர்த்தம். அதே மாதிரி ஜே என்ற எழுத்தைப் போட்டால் லைன் ஃபீடையும் சேர்த்து அனுப்பும். கோப்பின் தொடக்கத்தில் இந்த இரண்டு எழுத்துகளையும் போட்டேன். மாமாவின் முதல் கடிதம் குறையில்லாமல் அச்சாகி வந்தது. இந்த இரண்டு எழுத்துக்குத்தான் அவர் இரண்டு சிப்புக்குப் பில் போட்டார்.

ஃப்ளாப்பி சிதைந்துவிட்டது என்றாரே, அது இன்னும் மோசம். ஆதாரமாக, கோப்பை இன்றைய கம்ப்யூட்டர் ஒன்றில் திறந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும், முழுக்கக் கிறுக்கல். நிதானமாகப் பார்த்தேன். தேதிகளில் இருந்த எண்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் பெரிய எழுத்தும், காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும்கூட இருந்தன. சின்ன எழுத்துகள் மட்டும் காணோம். காந்தம் மங்கிப்போன டிஸ்க் சின்ன எழுத்தை மட்டும் பொறுக்கியா அழிக்கும்? ஸ்பீட்ஸ்கிரிப்ட் கோப்புகளைத் திரைக் குறியீட்டில், அதாவது கொமடோர் திரையில் எழுத்தைக் காட்டப் பயன்படுத்தும் எண்களில், சேமிக்கிறது. அதில் சின்ன எழுத்துகளுக்கு 1 முதல் 26 வரை எண்கள். இன்றைய கம்ப்யூட்டரில் அந்த எண்கள் எழுத்தே இல்லை, கட்டுப்பாட்டுக் குறிகள். அதனால்தான் கிறுக்கல். உண்மையிலேயே டிஸ்க் கெட்டிருந்தால் 1541 சும்மா இருக்காது. ஒவ்வொரு 256 பைட் பிளாக்குக்கும் சரிபார்ப்புக் கூட்டல் வைத்திருக்கிறது, பொருந்தாவிட்டால் 23-ஆம் எண் ரீட் எரர் காட்டி விளக்கு மின்னும். என் டிரைவில் எல்லாக் கோப்புகளும் ஒரு எரர்கூட இல்லாமல் திறந்தன.

வயதானவர்கள் விட்டுப்போன கோப்புகள் அழிந்துவிட்டன என்று ஒரு குடும்பத்திடம் பொய் சொல்லிக் காசு கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை. சிப் போனால் இன்னொரு சிப் தேடலாம். பயந்துபோய் அந்த டிஸ்குகளைத் தூக்கிப் போட்டிருந்தால்?

சரி, போர்டுக்கு வருவோம். மிஷினைத் திறந்து பார்த்தேன். தூசி துடைக்கத் திறந்தபோது எடுத்த போட்டோக்கள் என்னிடம் முன்பே இருந்தன. இந்த சிப்களின் மேல் தயாரான வாரமும் வருடமும் நான்கு இலக்கமாக அச்சிட்டிருக்கும். இரண்டு 6526 சிப்களிலும் பழைய போட்டோவில் உள்ள அதே எண்கள். போர்டின் அடிப்பக்கம் சால்டர் தொடாமல் அப்படியே இருந்தது. கேரக்டர் ரோமும் பழையதே. எதையுமே மாற்றவில்லை.

மாறியிருந்தது ஒன்றே ஒன்று, சவுண்ட் சிப். எஸ்.ஐ.டி. எனப்படும் 6581. சால்டர் இல்லாமல் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்ததால் கழற்ற நிமிஷம்கூட ஆகாது. கொமடோர் நிறுவனம் 1994-ல் திவாலானது, இந்த சிப்பை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. இசைக்காரர்களும் இதைத் தேடி அலைகிறார்கள். கொமடோர் போர்டிலேயே காசாகக்கூடிய பாகம் இதுதான். என் போர்டில் இப்போது இருப்பதும் 6581-தான், ஆனால் வேறு வாரம், வேறு வருடம். சிப் ஒரே நேரத்தில் எழுப்பும் மூன்று குரல்களும் கேட்கின்றன, ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் மட்டும் வேலை செய்யவில்லை. பிரின்டர் கோளாறு என்று கொடுத்தவர் பாட்டுப் போட்டுப் பார்க்கமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

கேட்டேன். முதலில், எல்லா 6581-உம் ஒன்றுதான் என்றார். போட்டோவை அனுப்பியதும், டெஸ்டுக்காகக் கழற்றியதில் மாறியிருக்கலாம் என்றார். கழற்றிய "பழைய" கேரக்டர் ரோமையும் 6526-ஐயும் திருப்பித் தாருங்கள் என்றபோது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்று பதில். போர்டைவிட்டே வெளியே வராத சிப்பை எப்படித் தூக்கிப் போட்டார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. பில் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். சிப் வரவில்லை.

ரிப்பேருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் போர்டின் இரு பக்கமும் எண்கள் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். எடுக்கிறீர்கள் என்று அவர்களுக்கும் தெரியட்டும். கழற்றும் எந்தப் பாகமும் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஒரிஜினல் ஃப்ளாப்பியைக் கையைவிட்டு அனுப்பவே வேண்டாம். நகலைக் கொடுங்கள், அதிலும் ஓரத்தில் உள்ள வெட்டை டேப் ஒட்டி மூடிக் கொடுங்கள், அப்போது டிரைவால் அதில் எழுத முடியாது. அச்சடிக்கும்போது திரையில் டிவைஸ் நாட் பிரசென்ட் (சாதனம் இல்லை) என்று வந்தால்கூட உடனே போர்டைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. பல இன்டர்ஃபேஸ்கள் 5 வோல்ட்டை கேசட் போர்ட்டிலிருந்து எடுக்கின்றன. அந்த ஒயர் லூசாகி விலகியிருந்தாலே பிரின்டர் காணாமல் போய்விடும். பவரை அணைத்துவிட்டு அதை ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் பிடுங்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என்னுடைய 6581-இன் மேல், அச்சிட்ட எண்களுக்குக் கீழே, வலது ஓரத்தில் குறுக்காக ஒரு சின்னக் கீறல் இருக்கும். அண்மையில் யாராவது பழைய எஸ்.ஐ.டி. சிப் வாங்கியிருந்தால் தயவுசெய்து அந்த இடத்தைப் பாருங்கள். கீறல் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். என்னிடம் உள்ள போட்டோவை அனுப்புகிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.