வைட்டமின் சி சீரம்: தூய வடிவமா, மாற்று வடிவமா?

முகத்தில் பூசும் சீரங்களில், எல்-அஸ்கார்பிக் அமிலம்தான் வைட்டமின் சி-யின் தூய வடிவம். அதிகம் ஆராயப்பட்டதும் இதுதான். ஆனால் தோலுக்குள் இறங்க சீரத்தின் பிஎச் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை அதிகம்) 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். மென்மையான சருமத்தில் எரிச்சல் வரலாம். சீரத்தில் இதன் அளவு 20 சதவீதத்துக்கு மேல் போனால் கூடுதல் பலனும் இல்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுவிடும். சீரம் பழுப்பாகிவிட்டதா? தயங்காமல் தூக்கிப் போடுங்கள். வைட்டமின் ஈ, ஃபெருலிக் அமிலம் சேர்ந்திருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், வெயில் பாதிப்பையும் கூடுதலாகத் தடுக்கும். அதற்காக சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள்.

சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட் போன்ற மாற்று வடிவங்கள் சாது. எளிதில் கெடாது, எரிச்சலும் குறைவு. ஆனால் தோலுக்குள் போய் அஸ்கார்பிக் அமிலமாக மாறினால்தான் வேலை நடக்கும்; அதனால் வீரியம் குறைவு. சட்டென்று சிவக்கும் சருமம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்கு, காற்றுப் புகாத அடர்நிறக் குப்பியில் வரும் தூய வடிவம்.