பழைய பிக்கப் ட்ரக் போட்டோ வாங்கப் போறீங்களா? 420 டாலர் போச்சு, படிச்சிட்டு வாங்குங்க

வால் ஆர்ட் விற்கும் ஒரு ஆன்லைன் கடை 420 டாலரை வாங்கிக்கொண்டு குப்பையை அனுப்பியிருக்கிறது. பார்சலைப் பிரித்த சூட்டிலேயே எழுதுகிறேன். பேங்கில் புகார் ஓடிக்கொண்டிருப்பதால் கடை பெயர் வேண்டாம். சோஷியல் மீடியாவில் விளம்பரம் ஓட்டி, "லிமிடெட் எடிஷன், 50 பிரதிகள் மட்டும்" என்று விற்கிற ரகம். அமெரிக்காவில் வீட்டுக்கோ கராஜுக்கோ இந்த மாதிரிப் படம் தேடுகிற நம்ம ஆட்கள் கவனிங்க.

கேட்டது இதுதான்: 1951 செவ்ரோலே 3100 பிக்கப் ட்ரக், துருவேறி, காய்ந்த புல்வெளியில் நிற்கிற போட்டோ. 60க்கு 40 அங்குலம். காட்டன் கேன்வாஸ், சீக்கிரம் மங்காத பிக்மென்ட் இங்க், ஒன்றரை அங்குல பைன் சட்டம், எடுத்தவர் கையெழுத்து. ஷிப்பிங்கோடு 420 டாலர்.

நம்ப வைத்தது விளம்பரம் இல்லை, சாட்டில் வந்த பதில். 1951 மாடல்தானா என்று கேட்டதற்கு, "கதவில் காற்றுக்காகத் திறக்கிற முக்கோண வென்ட் கண்ணாடி இருக்கிறது, அது 1951-ல்தான் வந்தது. கைப்பிடி இன்னும் திருப்புகிற வகை, பட்டன் வைத்தது 1952-ல்" என்று பதில் வந்தது. அத்தனையும் சரி. இந்த வண்டிகளைத் தெரிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். கூடவே வண்டி முகப்பில் பட்டை பட்டையாக இருக்கிற கிரில்லின் குளோசப் ஒன்றும் அனுப்பினார்கள். ஐந்து பட்டையிலும் பெயின்ட் உரிந்து, அடியில் துரு செதில் செதிலாக எழும்பி நிற்பது தனித்தனியாகத் தெரிந்தது. "45 மெகாபிக்ஸல் ஒரிஜினல் ஃபைலிலிருந்து வெட்டியது" என்றார்கள். அந்த ஃபைல் அகலத்தில் எட்டாயிரத்துச் சொச்சம் பிக்ஸல் இருக்கும், 60 அங்குலத்துக்கு இழுத்தாலும் அங்குலத்துக்கு 135-க்கு மேல் நிற்கும். ஆறடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அது தாராளம்.

வந்தது வேறு. துரு இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு தேய்த்த மாதிரி வழவழப்பு. கிரில் பட்டைகளின் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. சின்ன ஃபைலை சாஃப்ட்வேரில் ஊதி, ஷார்ப்னஸை ஏற்றினால் வருகிற கோடு அது. பக்கத்தில் போய் வண்டியைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. கிரில்லில் ஐந்து பட்டை, ஆனால் விண்ட்ஷீல்டு நடுக்கம்பி இல்லாத ஒரே கண்ணாடி. செவ்ரோலே ஒற்றைக் கண்ணாடிக்கு மாறியது 1954-ல், அதே வருஷம் கிரில்லும் மாறிவிட்டது. ஆசையாக மாற்றிக் கட்டிய வண்டிகளில் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். புல்வெளியில் கிடந்து இற்றுப்போன வண்டிக்கு யார் அந்த வேலை பார்ப்பார்கள்? முன் சக்கரத்தில் ஆறு நட், பின் சக்கரத்தில் ஐந்து. 3100-க்கு இரண்டு பக்கமும் ஆறுதான். இது கேமராவில் எடுத்த படமே இல்லை, ஏஐயில் செய்தது. அனுப்பிய குளோசப் வேறு ஏதோ நிஜ வண்டியுடையது.

பொருளும் அப்படித்தான். பைன் சட்டம் இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த முக்கால் அங்குல எம்டிஎஃப், குறுக்குச் சட்டம் கிடையாது, 60 அங்குல நீளம் இப்போதே நடுவில் வளைகிறது. மூலையில் மடித்த இடத்தில் இங்க் வெடித்து வெள்ளை தெரிகிறது. கள்ளநோட்டுப் பார்க்கிற யூவி டார்ச்சை அடித்தால் கேன்வாஸ் நீலமாகப் பளிச்சிடுகிறது. "பிரைட்னர் கலக்காத கேன்வாஸ்" என்று எழுதி விற்றவர்கள் இவர்கள். வெள்ளையைக் கூட்டிக் காட்டக் கலக்கிற ரசாயனம்தான் பிரைட்னர், யூவியில் நீலமாக ஒளிர்வது அதுதான். வெளிச்சம் பட்டுப் பட்டு அது வலுவிழந்தால் வெள்ளை மஞ்சளாகும், அந்தப் புல்வெளியின் நிறமே மாறிவிடும். கையெழுத்தும் படத்தோடு சேர்த்து அச்சடித்தது.

புகார் சொன்னால் முதலில் "உங்கள் அறை வெளிச்சம்" என்றார்கள். அடுத்து "ஃபைன் ஆர்ட்டில் மென்மை இருக்கும்". நட் எண்ணிக்கையை வட்டம் போட்டு அனுப்பினேன், "கலைஞரின் பார்வை" என்று பதில். வண்டி மாடலை அக்குவேறு ஆணிவேறாகப் பேசிய அதே கடைதான்! பிறகு "ஆர்டரின் பேரில் செய்தது, ரிட்டர்ன் கிடையாது, அடுத்த ஆர்டருக்கு 30 சதவீதம் தள்ளுபடி" என்றார்கள். 420 டாலரை விழுங்கியவனிடம் அடுத்த ஆர்டராம். அதற்குப் பதில் எழுதுவதற்குள் புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள்.

என்ன செய்யணும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது.

அதே வண்டியை வேறு கோணத்தில் எடுத்த இரண்டு படம் கேளுங்க. நிஜமாக எடுத்தவரிடம் இருக்கும், எங்கே எடுத்தது என்றும் சொல்வார். ஜார்ஜியாவில் வைட் என்கிற ஊரிலுள்ள ஓல்டு கார் சிட்டி மாதிரி இடங்களுக்குப் போனவர்கள் ஒரு வண்டிக்குப் பத்து படமாவது எடுக்காமல் வரமாட்டார்கள். குளோசப்பை மட்டும் பார்த்து நம்பாதீங்க, முழுப் படத்தில் அதே பெயின்ட் உரிசலும் அதே நெளிவும் அதே இடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்க. நட்டை எண்ணுங்க. ஃபைலின் பிக்ஸல் அகலத்தைக் கேட்டு பிரிண்ட் அங்குலத்தால் வகுங்க, 100-க்குக் கீழே போனால் இவ்வளவு காசு கொடுக்காதீங்க.

பணத்தை க்ரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்க. பணம் அனுப்புகிற ஆப்பில் அனுப்பச் சொன்னால் அங்கேயே விட்டுடுங்க. ஏமாந்தால், அந்தத் தொகை முதலில் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் புகார் போய்ச் சேரணும். கடைக்காரன் "இன்னும் ஒரு வாரம் பொறுங்க" என்று இழுப்பது அந்தக் கெடு தாண்டத்தான். சட்டம், மடிப்பு, பின்பக்கம், பார்சல் லேபிள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைங்க, சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. எனக்கு விற்றவர்கள் விற்பனைப் பக்கத்தில் இருந்த "காட்டன் கேன்வாஸ்" என்ற வரியையே இப்போது தூக்கிவிட்டார்கள்.