ஃபுல் ஃப்ரேமுக்கு மாறி நான்கு வருடம்: லென்ஸ்தான் காசைத் தின்றது

கிளிநொச்சியில் கலியாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுக்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் நிக்கோன் டி750 என்ற ஃபுல் ஃப்ரேம் கமரா (பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார்) ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினேன். 2014இல் வந்த கமரா, 24 மெகாபிக்சல். அது இன்றைக்கும் எனக்குத் தாராளம்.

லென்ஸ்தான் இடித்தது. கையில் இருந்தது 18-140 மிமீ டிஎக்ஸ் லென்ஸ், அதாவது சிறிய சென்சார் கமராவுக்கானது. டி750இல் பூட்டலாம், ஆனால் கமரா நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து 10 மெகாபிக்சலாக்கிவிடும். அதற்குப் பழைய கமராவே போதுமே! நல்ல வேளை, பழைய 50 எஃப்1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும்) ஃபுல் ஃப்ரேமுக்கும் பொருந்தியது. முன்பு சிறிய சென்சாரில் அது 75 போல நெருக்கிக் காட்டியதால் மணவறையை விட்டுத் தள்ளிப் போய் நிற்கவேண்டும். இப்போது கிட்ட நின்றே எடுக்கலாம்.

அப்புறம் 24-70 எஃப்2.8 வாங்கச் சொல்லாத ஆள் இல்லை. நான் அந்தக் காசுக்குள் பாவித்த 24-120 எஃப்4, 85 எஃப்1.8 இரண்டையும் எடுத்தேன். அது சரிதானா என்பதற்கு முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவில் விடை கிடைத்தது. அடுப்பு வெளிச்சத்தில் ஒரு அம்மாவின் முகம். 85ஐ எஃப்2இல் வைத்து, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 6400. இமைமயிர் தனித்தனியாகத் தெரிந்தது. எஃப்4இல் அதே படத்துக்கு நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும்.

24-120இல் குறை இல்லாமல் இல்லை. 24இல் குடும்பப்படம் எடுத்தால் கரையில் நிற்கும் மாமா ஒரு சுற்றுப் பெருத்துவிடுவார். (அவர் கேட்டுவிட்டார்.) இப்போது பின்னால் போய் 35, எஃப்8. மூலையும் கூராக வருகிறது.

கிறவல் ரோட்டுத் தூசியும் மாரிக்காலப் பூஞ்சையும் இங்கே தனிச் செலவு. பாவித்த 85ஐ டோர்ச் அடித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். வீட்டில் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி ஒரு கீற்று. துடைத்தெடுக்கக் கொடுத்த காசோடு அதை மலிவு என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது எல்லாம் காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டிக்குள், சிலிக்கா பொட்டலங்களோடு.

18-140ஐ இன்னும் விற்கவில்லை. கேட்கிற விலை பேசிக்கொண்டிருக்கவே வெட்கமாக இருக்கிறது. 70-200 மனதில் நிற்கிறது. ஆவணி முகூர்த்தங்கள் முடியட்டும்.