பாலிமரா, நானோ திரவமா? பாறையில் மிஞ்சும் எண்ணெயை எடுக்க எது உதவும்?

தண்ணீர் செலுத்தி எண்ணெய் எடுக்கும் கட்டம் முடிந்த பிறகும், பல வயல்களில் பாதிக்கு மேல் எண்ணெய் பாறைக்குள்ளேயே கிடக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள். தண்ணீர் எண்ணெயைவிட எளிதாக ஓடும். கெட்டியான எண்ணெயைத் தள்ளுவதை விட்டுவிட்டு, கிடைத்த இடைவெளியில் புகுந்து உற்பத்திக் கிணற்றை அடைந்துவிடும். அப்படிப் போன வழியிலும்கூட, எண்ணெய்க் குடத்தை வெறும் தண்ணீரால் அலசினால் பிசுக்கு நிற்பதுபோல, பாறையின் நுண்துளைச் சுவர்களில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பாலிமர் முதல் சிக்கலைத் தீர்க்க வந்தது. நானோ திரவம் பெரும்பாலும் இரண்டாவதற்கு. இதைப் பிரித்துப் பார்க்காமல், எது எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கும் என்று மட்டும் அட்டவணை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பாலிமரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. பாலிஅக்ரிலமைடு வகைப் பொடியைக் கரைத்தால் தண்ணீர் கெட்டிப்படும். எண்ணெயை ஒரே முகமாகத் தள்ளும். சீனாவின் தாச்சிங் வயலில் 1990களின் நடுவிலிருந்து பெரிய அளவில் இதைச் செய்கிறார்கள். பாறையில் முதலில் இருந்த மொத்த எண்ணெயில் சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. ராஜஸ்தானில் 2004இல் கண்டுபிடிக்கப்பட்ட மங்களா வயலும் இந்த வழியில்தான் போகிறது. அங்கே பாறையின் வெப்பம் சுமார் 65 டிகிரி. செலுத்தும் நீரில் கடல்நீரைவிட உப்பு மிகக் குறைவு. பாலிமருக்கு இரண்டுமே தோது. வெப்பம் 75 டிகிரியைத் தாண்டி, நீரில் கால்சியமும் மிகுந்தால் சாதாரண பாலிமர் சிதைந்து படிந்துவிடும்.

நானோ திரவம் என்பது பெரும்பாலும் 5 முதல் 50 நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கா துகள்கள் கலந்த நீர். பாறைத் துளைகள் மைக்ரான் (ஆயிரம் நானோமீட்டர்) கணக்கில் இருப்பதால் துகள்கள் நுழைவது எளிது. எண்ணெய்த் துளியும் பாறையும் சந்திக்கும் குறுகிய இடுக்கில் இவை அடுக்கடுக்காக நெருங்கி, ஒருவகை அழுத்தத்தை உண்டாக்கித் துளியைச் சுவரிலிருந்து பெயர்க்கின்றன. ஆய்வாளர்கள் வாசனும் நிக்கோலோவும் 2003இல் நேச்சர் இதழில் இதை அழகாகக் காட்டினார்கள். எண்ணெயை விரும்பும் பாறையை நீரை விரும்பும் பாறையாக மாற்றும் குணமும் இத்துகள்களுக்கு உண்டு. அறிவியலாக இது என்னைக் கவர்ந்த விஷயம். குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் ஆய்வகத்தில் துகள்கள் கடப்பது சில அங்குல நீளமுள்ள பாறைத் துண்டை. வயலிலோ ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர். உப்பு நீரில், அதிலும் கால்சியம், மெக்னீசியம் இருந்தால், மேற்பூச்சு இல்லாத சிலிக்கா ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். மீதியைப் பாறையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

செலவையும் பார்ப்போம். ஒரு கோடி பீப்பாய் நீரில் எடைக்கணக்கில் 0.05 சதவீதம் கலக்க ஏறக்குறைய 800 டன் துகள் வேண்டும். பாலிமரை 0.2 சதவீதம் கலந்தால் சுமார் 3,200 டன். அளவில் நானோதான் குறைவு! ஆனால் உப்பைத் தாங்கும்படி மேற்பூச்சு இட்ட துகளின் விலை அதிகம். வழியில் பாறை விழுங்குவதை ஈடுகட்டக் கூடுதலாகவும் கலக்க வேண்டியிருக்கும்.

கள அனுபவமும் அந்த நெடுந்தூரக் கேள்விக்கு விடை தரவில்லை. சவூதியின் கவார் வயலில் 2010இல் அந்நாட்டு எண்ணெய் நிறுவனமான அரம்கோ கார்பன் நானோ துகள்களைச் செலுத்தி, பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தது. 100 டிகிரி வெப்பத்திலும் கடுமையான உப்பிலும் துகள்கள் தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் அவை எண்ணெயைத் தள்ளப் போனவை அல்ல, நீர் போகும் வழியை அறிய உதவும் தடங்காட்டிகள். செலுத்தியதும் திரும்ப எடுத்ததும் ஒரே கிணற்றில்தான். கொலம்பியாவில் குப்பியாகுவா, காஸ்டில்லா, சிச்சிமேனே வயல்களில் நானோ திரவம் உற்பத்தியைக் கூட்டியது. அங்கும் சிகிச்சை நடந்தது உற்பத்திக் கிணற்றைச் சுற்றியுள்ள பாறைக்கு மட்டும், அடைப்பை நீக்கவும் ஒட்டும் தன்மையை மாற்றவும்.

ஆகவே முழு வயலுக்கு இன்று முதலீடு செய்வதென்றால் என் தேர்வு பாலிமர். எண்ணெயிலுள்ள தார் போன்ற கனமான பொருளான ஆஸ்பால்டீன் படிந்து ஒரு கிணறு மந்தமாகிவிட்டால் நானோ திரவத்தை முதலில் முயன்று பார்ப்பேன். சூடும் உப்பும் மிகுந்த வயல்களுக்கு இரண்டையும் சேர்த்த கலவைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது: சிலிக்கா சேர்ந்த பாலிமர் வெப்பத்தில் கெட்டித்தன்மையை மெதுவாகவே இழக்கிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. அதைக் களத்தில் சோதிப்பவர்கள், கூடுதலாக வந்த எண்ணெயோடு, அடுத்த கிணற்றுக்கு எத்தனை பங்கு துகள் வந்து சேர்ந்தது என்பதையும் அளந்து வெளியிட வேண்டும்.