ஓம உப்பின் மேல் கை நீட்டினால்: பெரிய கருவியா, பெயர் மறைத்த குழாயா?

கையை நீட்டி 'உயிர்ப்புல ஆற்றல்' செலுத்தினால் வேதிப்பொருளின் உருகுநிலை, படிக அளவு எல்லாம் மாறிவிடும் என்று சொல்லும் கட்டுரைகள் இணையத்தில் நிறைய. தைமால் என்கிற ஓம உப்பு, மென்தால் என்கிற புதினா உப்பு என்று நம் நாட்டு மருந்துக் கடைச் சரக்குகூட அதில் சிக்கியிருக்கிறது. செட்டிநாட்டுப் பக்கம் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்டாக இதைச் சோதிக்க நினைத்தால் இரண்டு வழி உண்டு.

முதல் வழிதான் அந்தக் கட்டுரைகளில் வழக்கமாக வருவது. ஒரே பாட்டிலில் இருந்து இரண்டு பங்கு. ஒன்று ஆய்வகத்திலேயே இருக்கும், இன்னொன்று ஹீலரிடம், அதாவது கை நீட்டி ஆற்றல் செலுத்துவதாகச் சொல்பவரிடம், போய் வரும். பிறகு இரண்டையும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிரால் படிக அமைப்பைப் பார்ப்பது), டிஎஸ்சி (உருகும்போது ஏறும் வெப்பத்தை நுட்பமாக அளப்பது), எஃப்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் வேதிப் பிணைப்புகளைப் பார்ப்பது) என்று வரிசையாக ஓட்டுவார்கள். காரைக்குடியில் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் அழகப்பா பல்கலைக்கழகமும் இருப்பதால் இந்த ஆசை நமக்குச் சீக்கிரம் வரும்.

இரண்டாவது வழியில் பகட்டு கிடையாது. பொடியை ஒரே தடவையில் அரைத்து, கலந்து, 12 குழாய்களில் அடைத்து, எண் மட்டும் ஒட்ட வேண்டும். பன்னிரண்டும் ஒரே ஐஸ் பெட்டியில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும். சீட்டுக் குலுக்கி எடுத்த 6 மட்டும் ஹீலரின் கைக்குக் கீழே போகும். எந்த எண் எது என்பது உறைக்குள் இருக்கும். உருகுநிலை பார்ப்பவருக்குத் தெரியாது.

ஐஸ் பெட்டி எதற்கு? மென்தால் 42, 43 டிகிரியிலேயே உருகும், தைமால் 50 டிகிரி வாக்கில். கத்திரி வெயிலில் தேவகோட்டை வரை காரில் கொண்டுபோய், மரநிழல் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு ஹீலருக்காகக் காத்திருந்தால் உள்ளே மென்தால் உருகி, பிறகு ஆறிப் புதிதாகப் படிகமாகும். எக்ஸ்ஆர்டி அதை நன்றாகவே காட்டும். மாற்றம் நிஜம்தான், செய்தது வெயில். ஆய்வகத்தில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஒப்பீட்டு மாதிரிக்கு அந்தப் பயணம் வாய்க்கவில்லை. முதல் வழியின் பெரிய ஓட்டை இதுதான். எவ்வளவு விலையுள்ள கருவியாலும் இதை அடைக்க முடியாது.

படிக அளவும் இப்படித்தான். 1918-இல் ஷெரர் தந்த சமன்பாடு, எக்ஸ்ஆர்டி கோட்டின் அகலத்தைப் படிக அளவாக மாற்றித் தரும். கல்வத்தில் நாலு சுற்று கூடுதலாக அரைத்தாலே அந்த அகலம் மாறலாம். எஃப்டிஐஆரில் மாதிரியைக் கலந்து அழுத்தும் பொட்டாசியம் புரோமைடு வில்லை காற்றின் ஈரத்தை உறிஞ்சினால், வரைபடத்தில் 3400 அலை எண் (அகச்சிவப்பு ஒளியைக் குறிக்கும் அளவு) வாக்கில் ஒரு மேடு முளைக்கும். கருவியின் பிரிதிறன், அதாவது அது பிரித்துக் காட்டக்கூடிய நுட்பம், 4 அலை எண் என்றால், 2 அலை எண் நகர்ந்ததைப் பெரிதுபடுத்துவதில் பொருளில்லை.

கார்பனில் சற்றுக் கனமான வகையான கார்பன்-13-இன் விகிதமே மாறியது என்றும் சில கட்டுரைகள் சொல்கின்றன. அது அணுக்கருவில் நடக்க வேண்டிய வேலை. அதற்கு வேதிப் பிணைப்பு ஆற்றலைப் போல லட்சக்கணக்கான மடங்கு ஆற்றல் வேண்டும். கருவிக்குள் மாதிரி கொஞ்சம் அதிகமாகப் போனாலே விகிதம் பிசகும் என்பதை முதலில் பார்க்கலாமே!

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. உருகுநிலை ஏறினாலும் 'விளைவு', இறங்கினாலும் 'விளைவு' என்று எழுதுகிறார்கள். அப்படியானால் தோற்க வழியே இல்லை. இரண்டாவது வழியில் ஏறுமா இறங்குமா என்று ஹீலரே முன்கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இறங்கும் என்றால், குறைந்த வெப்பநிலையில் உருகிய 6 குழாய்களும் அவர் தொட்ட ஆறாகவே இருக்க வேண்டும். 12-இல் 6-ஐத் தேர்ந்தெடுக்க 924 விதம் உண்டு, ஆகவே குருட்டாம்போக்கில் அது அமைய 924-இல் ஒரு வாய்ப்புதான்.

மறைத்துச் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு முன்கதை இருக்கிறது. அமெரிக்காவில் எமிலி ரோசா என்ற பள்ளிச் சிறுமி, தொடாமலே ஆற்றலை உணர்வதாகச் சொன்ன 21 பேரைத் திரைக்குப் பின்னால் கை நீட்ட வைத்தாள். தன் கை அவர்களின் எந்தக் கைக்கு மேலே இருக்கிறது என்று கேட்டாள். 280 தடவையில் 123 மட்டும் சரி. காசு சுண்டியிருந்தால்கூட 140 வாக்கில் வந்திருக்கும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு, நீருக்கு நினைவு உண்டு என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பென்வெனிஸ்டின் ஆய்வும் குழாய்களின் அடையாளத்தை மறைத்ததும் நிற்கவில்லை.

குழாய் வழிக்கும் குறை இல்லாமல் இல்லை. கல்லூரியில் இருக்கும் சாதாரண உருகுநிலைக் கருவியில் அரை டிகிரிக்குக் கீழான வேறுபாடு பிடிபடாது. ஹீலர் சொல்வது அவ்வளவு சின்ன மாற்றம் என்றால் டிஎஸ்சிதான் வேண்டும், ஆனால் அதே 12 குழாய்களும் எண்ணோடு மட்டும் போக வேண்டும். இரண்டு மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் டிஎஸ்சியை விட்டுவிட்டு, 12 குழாய்க்கும் வெப்பமானியே போதும் என்பேன்.

எந்தப் பொருள் என்று ஹீலர் பிடிவாதம் பிடிக்காவிட்டால் பென்சாயிக் அமிலம் நல்லது. 122 டிகிரியில் உருகும், கார் வெயிலுக்கு அசையாது, எல்லாக் கல்லூரியிலும் கிடைக்கும். ஓம உப்புதான் வேண்டும் என்றால் பக்கத்தில் புதினா உப்பையோ பச்சைக் கற்பூரத்தையோ வைக்காதீர்கள். சேர்ந்தால் மூன்றும் நீராகிவிடும் என்பது மருந்துக் கடைக்காரருக்கே தெரியும். ஆவி கலந்தாலும் உருகுநிலை இறங்கலாம். உறையை ஹீலர், மாணவர் இருவர் பக்கமும் சாராத மூன்றாம் ஆளிடம் கொடுத்துவிட்டு, 12 உருகுநிலையையும் பேனாவில் எழுதிய பிறகு அதைப் பிரியுங்கள்.