கோத்தகிரிக் குளிரிலும் கொதித்த லேப்டாப்: சரிசெய்வதா, மாற்றுவதா?

கடைக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. வரிக்கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. அதில் 3பி என்ற மாதாந்திரப் படிவத்துக்கு 20ஆம் தேதிதான் கெடு. போன நவம்பர் 19 இரவு, மூன்றாவது கடையின் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தபோது லேப்டாப் பட்டென்று அணைந்துவிட்டது. வெளியே மழை, உள்ளே ஸ்வெட்டர் போட்டும் குளிர். லேப்டாப்பின் அடிப்பக்கம் மட்டும் தோசைக்கல் மாதிரி சுட்டது. மிச்சக் கணக்கை மறுநாள் நண்பர் கடையில் உட்கார்ந்து முடித்தேன்.

2018இல் வாங்கியது, இன்டெலின் எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர். "இத்தனை வருஷம் உழைச்சது போதும், புதுசு வாங்கிடுங்க" என்றாள் மனைவி. புதிது வாங்குவதா, கோவையில் செகண்ட் ஹேண்ட் பார்ப்பதா, இதையே சரிசெய்வதா என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தது. கடைசியில் சரிசெய்தேன். அதனால் அந்தப் பக்கம்தான் அதிகம் பேசுவேன்.

புதிதில் வேகம், பேட்டரி, வாரண்டி எல்லாம் கிடைக்கும். அதில் சந்தேகமே இல்லை. என் வேலைக்குத் தோதாக விசாரித்தவை ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தன. அதைக்கூடத் தவணையில் சமாளித்திருப்பேன். என்னைத் தயங்க வைத்தது பராமரிப்பு. மலையில் லேப்டாப்பை வைத்துப் பிழைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது, மக்கர் செய்தால் இதை எங்கே திறப்பார்கள் என்பதைத்தான். இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராம் என்ற நினைவகச் சில்லு மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கீபோர்டை மேல்தகட்டோடு ரிவெட் அடித்துவிடுகிறார்கள். நாலு எழுத்து வேலை செய்யாவிட்டாலும் மேல்பாகம் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். வாரண்டி இருக்கும்வரை உள்ளூர்க் கடையில் திறக்கவும் மனசு வராது. அப்புறம் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய்க் கொடுத்துவிட்டு வந்து, திரும்ப வாங்க இன்னொரு நடை. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ரோட்டில் மண் சரிந்தால் அந்த நடையும் தள்ளிப்போகும். இடையில் 20ஆம் தேதி வந்துவிட்டால் என்னை நம்பிய கடைக்காரருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி. வீட்டுக்கே வந்து பார்க்கும் சர்வீஸ் உள்ள பிராண்டுகளும் உண்டு. வாங்கும் முன்பே பின்கோடைச் சொல்லி, மலை ஏறி வருவார்களா என்று கேட்டுவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் மைத்துனர் வாங்கிய ஒன்றைத்தான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். நன்றாகவே ஓடுகிறது, ஆனால் ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. யார் எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாத மெஷினில் இதே சூடு மறுபடி வரலாம் என்ற பயம் எனக்கு இருந்தது.

சரி, பழுதுக்கு வருவோம். குன்னூரில் ஒரு சின்னக் கடை. என் கண் முன்னாலேயே பதினோரு ஸ்குருவையும் கழற்றி ஒரு மூடியில் போட்டுவிட்டு, அடித்தகட்டைத் தூக்கினார் அந்தத் தம்பி. ஃபேனுக்கும் செம்புக் குழாய் முடியும் சீப்புப் போன்ற தகடுகளுக்கும் நடுவே தடித்த துணி மாதிரி ஒன்று அடைத்திருந்தது. இடுக்கியால் இழுத்தார், ஒரே துண்டாக வந்தது. லேசான சிவப்பு நிறம். "கம்பளி மேல வெச்சு வேலை செய்வீங்களா சார்?" என்றார். ஆமாம், எங்கள் வீட்டுக் கம்பளி சிவப்புதான். "ஃபேன் சுத்துது, காத்துதான் போகல" என்று, பிராசஸர் மேல் இருந்த, அதன் சூட்டைச் செம்புக் குழாய்ப் பக்கம் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிக் காட்டினார். காய்ந்த சுண்ணாம்பு போலப் பொடிந்து உதிர்ந்தது.

சுத்தம் செய்து புது பேஸ்ட் வைக்க 900 ரூபாய். ஃபேனிலும் உரசல் சத்தம் இருந்ததால் 1,600 கொடுத்து மாற்றச் சொன்னேன். கோவையிலிருந்து வர நான்கு நாள் ஆனது. 'கோர் டெம்ப்' என்ற இலவச மென்பொருளில் பார்த்தால், முன்பு 98 டிகிரி தொட்ட அதே வேலைக்கு இப்போது 74.

குளிர் ஊரில் லேப்டாப் சூடாகாது என்று நானும் நம்பியிருந்தேன். இந்த உயரத்தில் கடல்மட்டத்தைவிடக் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெல்லியது. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப்போகும் வெப்பம் குறைவு. குளிர் அதை ஈடுகட்டும்தான், ஆனால் காற்று போகும் வழி திறந்திருந்தால்தானே?

எல்லா லேப்டாப்பையும் சரிசெய்யச் சொல்ல மாட்டேன். ஆறிய நிலையில் ஆன் செய்து அரைமணி நேரம் ஒழுங்காக ஓடி, சூடேறிய பிறகு அணைந்தால் பெரும்பாலும் தூசி, பேஸ்ட், ஃபேன் இவைதான் காரணம். 100 டிகிரியை நெருங்கும்போது பிராசஸர் தானே வேகத்தைக் குறைக்கும்; அதற்கும் அடங்காவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். ஆறியிருக்கும்போதே ஒரு நிமிடத்தில் அணைந்தால் அது போர்டு, பவர் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். போர்டு வேலை நான் செய்து பார்த்ததில்லை. புதிய லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிக் கேட்டால் நான் விட்டுவிடுவேன். பேட்டரி உப்பி அடித்தகடு தூக்கியிருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்று, தலைமுறை. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அடுத்தவர் வரிக்கணக்கு இருக்கும் மெஷினில் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நான் வேலை செய்ய மாட்டேன். என்னுடையது ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால் அந்த 2,500 ரூபாயைப் புதியதில்தான் போட்டிருப்பேன்.

இப்போது கம்பளி என் தோளில், லேப்டாப் ஒரு பலகை மேல். பேஸ்ட் வைத்த தேதியை ஸ்டிக்கரில் எழுதி அடிப்பக்கம் ஒட்டியிருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அதே கடைக்கு மறுபடி எடுத்துப் போக வேண்டும்.